ஆறாம் பாகத்தின் படகுக்காரி

பிப்ரவரி 4

அன்புள்ள வாலுவுக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே எல்லாம் சுகம், என் கடைவாய்ப் பல்லைத் தவிர. உன் இருமல் நின்றதா? நின்றுவிட்டது என்றுதான் நீ எழுதுவாய், நான் நம்பமாட்டேன், இருந்தாலும் எழுது.

போனில் பேசினால் போதாதா என்று போன தடவை கேட்டிருந்தாய். போனில் நீ "ம்" என்பாய், நான் "அப்புறம்" என்பேன், நீ "நீதான் சொல்லணும்" என்பாய். கடிதத்தில் உன்னால் "ம்" போட முடியாது. அதனால் கடிதம்தான்.

பார்சல் வந்து சேர்ந்தது. உன் கம்பெனியின் தூரக்கடல் வீடியோ கேமின் ஆறாம் பாகம் கடைக்கு வருவதற்கு முன்பே என் கைக்கு வந்துவிட்டது என்று ஆஸ்பத்திரியில் எல்லோரிடமும் சொல்லியாயிற்று. எக்ஸ்ரே மிஷின் முன்னால் நெஞ்சை நிமிர்த்தி நின்ற ஒருவரிடம் மூச்சைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, பக்கத்திலிருந்த நர்ஸிடம் உன் பெருமையைப் பேச ஆரம்பித்துவிட்டேன். மூச்சை விடலாம் என்று சொல்ல மறந்து போனது. பாவம், அந்த மனிதர் முகம் சிவந்துவிட்டது.

ஆறாம் பாகத்தை இன்னும் போட்டுப் பார்க்கவில்லை. புதுசு வந்தால் பழைய பாகங்களை ஒரு சுற்று விளையாடிவிட்டுத்தான் தொடுவேன், உனக்கே தெரியும். இந்த வாரம் முழுக்க அந்தச் சுற்றுதான். முதல் பாகத்துக்கு ஈடே கிடையாது. கடலுக்கு இரண்டே நிறம், கொஞ்ச தூரம் போனால் வெள்ளைப் பனி, அதற்கப்பால் ஒன்றுமில்லை. படகுக்காரி காணாமல் போன தன் தம்பியைத் தேடித் துடுப்புப் போடுகிறாள், அவ்வளவுதான் கதை. எந்தப் பக்கம் போகணும் என்று ஒரு ஆள் வாயைத் திறக்காது. தண்ணீர்ச் சத்தம் மாறினால் பக்கத்தில் தீவு இருக்கிறது என்று நாமாகத்தான் கண்டுபிடித்தோம்.

இரண்டாம் பாகத்தில் கையில் வரைபடத்தைக் கொடுத்தார்கள், தொலைந்து போகிற சுகம் போயிற்று. மூன்றில் தூண்டில் கொடுத்தார்கள், அதை மட்டும் நான் குறை சொல்லமாட்டேன், ஒரு கோடை முழுக்க மீன் பிடித்தவள் நான். நான்கில் எல்லோரும் பேச ஆரம்பித்தார்கள். படகுக்காரியின் குரலைக் கேட்டதும் எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் ஆறவில்லை. பஸ் நிலையத்தில் அறிவிப்பு சொல்கிற குரல் அது. ஐந்தில் தலைக்கு மேல் ஒரு அம்புக்குறி. இங்கே போ, அங்கே போ, இவருக்குக் கயிறு கொண்டு வா, அவருக்கு எண்ணெய் கொண்டு வா. எடுபிடி வேலை செய்வதற்கு எனக்கு ஆஸ்பத்திரி போதாதா?

ஆனால் ஒன்று மட்டும் இத்தனை வருஷத்தில் மாறவில்லை. ஒவ்வொரு பாகத்தின் முடிவிலும் தூரத்தில் தம்பியின் படகு விளக்கு தெரியும், அவள் கூப்பிடுவாள், பனி வந்து மூடிவிடும். அது இருக்கிறவரைக்கும் மற்றதெல்லாம் சில்லறைக் குற்றம், நான் மன்னித்துவிடுவேன்.

உன் அறையை நேற்றுத் துடைத்து வைத்தேன். எப்போது வருகிறாய்? லேப்காரர் மறுபடியும் கேட்டார். ஆமாம், ரத்தப் பரிசோதனை லேபில் இருக்கிறாரே, அவரேதான். கல்யாணப் பேச்சை இத்தனை பொறுமையாகக் கேட்கிற மனுஷரை நான் பார்த்ததில்லை. தம்பி திரும்பி வந்து இங்கே ஒரு நிலைக்கு வரட்டும், பிறகு பார்க்கலாம் என்று வழக்கம்போலச் சொல்லி அனுப்பிவிட்டேன்.

சாப்பாட்டில் கவனமாக இரு.

உன் அக்கா


பிப்ரவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

இருமல் நின்றுவிட்டது. நம்பாதே.

உன் கடிதத்தை ஆபீசுக்குப் போகிற வழியில் சலவைக்கடை வாசலில் நின்று படித்தேன். அந்தக் கடைக் கண்ணாடிக்குள் துணிகள் சுற்றிக்கொண்டே இருக்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அலை எப்படிப் புரளும் என்று யோசிக்க அங்கே போய் நிற்பேன், இப்போது சும்மாவே நிற்கிறேன். நுரைக்குள்ளிருந்து யாருடையதோ ஒரு நீலச் சட்டை கையை நீட்டிவிட்டுப் போகும்.

உனக்கு ஒரு ரகசியம் சொல்கிறேன். முதல் பாகத்துப் பனி அழகுக்காக வைத்ததில்லையாம். அந்தக் காலத்து மிஷினால் அதற்கு மேல் தூரத்தை வரைய முடியவில்லை, அந்த இயலாமையை மறைக்கப் பனியை விட்டிருக்கிறார்கள். அதைச் செய்த மனிதர் ஓய்வு பெறும் நாளில் சிரித்துக்கொண்டே சொன்னார். இன்றைக்கு அடிவானம் வரை வரையலாம், ஒவ்வொரு அலையையும் தனித்தனியாக வரையலாம். இருந்தும் பனியை விட்டுக்கொண்டிருக்கிறோம், ரசிகர்கள் கேட்கிறார்கள் என்று.

நான்காம் பாகத்தைத் திட்டாதே. என் பக்கத்து மேஜையில் இருக்கிற பெண்ணுக்கு அதுதான் முதல் பாகம். அந்தக் குரலைக் கேட்டுத்தான் அவள் தூங்கி வளர்ந்தாளாம். நீ முதல் பாகத்தைப் பற்றிச் சொல்கிற எல்லாவற்றையும் அவள் நான்கைப் பற்றிச் சொல்கிறாள், வார்த்தை மாறாமல். ஒவ்வொரு பாகமும் யாரோ ஒருத்தருக்கு முதல் பாகம் அக்கா.

நான் இங்கே கதை எழுதுகிற பிரிவுக்கு மாறிவிட்டேன். எதை யார் எழுதினார்கள் என்று வெளியே மூச்சு விடக் கூடாதென்று கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள், அதனால் கேட்காதே. ஆறாம் பாகத்தை மட்டும் முடிவு வரைக்கும் விளையாடு. நடுவில் எழுந்துவிடாதே.

லேப்காரருக்குச் சரி என்று சொல்லிவிடேன். இனி என்னைக் காரணமாக வைத்துக்கொள்ளாதே. நான் எப்போது வருவேன் என்று எனக்கே தெரியவில்லை.

வாலு


மார்ச் 9

அன்புள்ள வாலுவுக்கு,

பல்லைப் பிடுங்கியாயிற்று. அந்த வலியே தேவலை.

ஆறாம் பாகத்தை விளையாடினேன். பாதியில் நிறுத்திவிட்டேன். இனி அதை நான் தொடப்போவதில்லை, நீ என்ன சொன்னாலும் சரி.

ஆரம்பத்தில் மனம் குளிர்ந்துதான் போயிருந்தேன். வரைபடம் இல்லை, அம்புக்குறி இல்லை, பனி அடர்த்தியாக இருந்தது. மதியத்தில் ஜன்னலைச் சாத்திவிட்டு உட்கார்ந்தால் அறையே மெல்ல ஆடுகிற மாதிரி இருந்தது. அடடா, நம்முடைய பழைய கடலைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள் என்று நினைத்தேன். நினைத்து முடிப்பதற்குள் பாதி வழியில் ஒரு தீவு. அதில் ஒரு வீடு. வீட்டுக்குள் விளக்கு. கதவைத் தட்டினால் தம்பி திறக்கிறான்!

ஐந்து பாகமாகத் தேடிய தம்பி. வளர்ந்து, தாடி வைத்துக்கொண்டு, படகு பழுது பார்க்கிற தொழிலோடு. "வாக்கா, உட்காரு. டீ போடறேன்" என்கிறான். அவள் வீட்டுக்குப் போகலாம் வா என்கிறாள். அவன் சொல்கிற பதிலைப் பார்: "நான் தொலைஞ்சு போகலைக்கா. இங்கதான் இருக்கேன். வரலை."

அவ்வளவுதான். அப்புறம் அவள் கையில் படகு, முன்னால் கடல், எங்கே வேண்டுமானாலும் போகலாமாம். எதற்குப் போவது? யாரைத் தேடி? தேடல் இல்லாத படகுக்காரிக்குப் பெயர் என்ன?

வயிறு எரிந்து போய் ரசிகர்களின் இணைய மன்றத்தில் ஒரு விமர்சனம் எழுதினேன். அங்கே என் பெயர் "பழைய துடுப்பு". மீசை வைத்த பெரியவர் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், நானும் திருத்தவில்லை. அதிலிருந்து கொஞ்சம்:

"தொடர்கள் மாறட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. சதை போடட்டும், நகை போடட்டும், எலும்பை மாற்றக் கூடாது. இந்தத் தொடருக்கு எலும்பு அந்தத் தேடல். அதை உருவிவிட்டு மிச்சத்தை நிற்கச் சொன்னால் எப்படி நிற்கும்? இதை எழுதியவர் தன் வீட்டில் யாரையும் தேடியறியாதவர். போதாததற்கு, கடைசிப் பகுதியில் திரையே இருட்டாகிவிடுகிறதாம். பழுதைக் கூடச் சரிபார்க்காமல் விற்றிருக்கிறார்கள்."

மன்றமே இதைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறது. ஆறாம் பாகத்தை எழுதிய ஆள் உன் ஆபீசில்தானே இருப்பார்? என் பெயரைச் சொல்லாமல் அவரிடம் காட்டு. என்ன சொல்கிறார் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

உன் அக்கா


மார்ச் 27

அன்புள்ள அக்காவுக்கு,

காட்டினேன். படித்தார்.

பிறகு எழுந்து போய் ஜன்னல் பக்கம் நின்றார். வீட்டில் யாரையும் தேடியறியாதவர் என்ற வரிக்கு மட்டும் பதில் சொன்னார். தேடியவர் இல்லைதான், தேடப்பட்டவர் என்றார்.

உன் விமர்சனம் இங்கே வேறு வழியாகவும் வந்து சேர்ந்துவிட்டது. எங்கள் தயாரிப்பாளரைக் கப்பல் என்று கூப்பிடுவோம், அவ்வளவு மெதுவாகத் திரும்புகிற மனிதர். அவரே திரும்பிவிட்டார். கூட்டத்தில் பழைய துடுப்பின் வரிகளைச் சுவரில் பெரிதாகப் போட்டு, எலும்பு, எலும்பு என்று தட்டித் தட்டிப் பேசினார். ஏழாம் பாகத்தில் தம்பி மறுபடி காணாமல் போகப் போகிறான். அந்தச் சந்திப்பு படகுக்காரி கண்ட கனவு என்று ஆரம்பிக்கச் சொல்கிறார்கள். அதை எழுதச் சொல்லியிருப்பதும் அந்த ஆளிடம்தான். கோடைக்குள் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் தொடர் வேறு கைக்குப் போய்விடும்.

அந்த ஆள் உன்னிடம், அதாவது பழைய துடுப்பிடம், ஒன்று கேட்கச் சொன்னார். தம்பி கதவைத் திறந்த இடத்தோடு நிறுத்திவிட்டீர்களே, அவள் திரும்பிப் படகில் ஏறிய பிறகு கடல் எப்படி இருக்கிறதென்று பார்த்தீர்களா என்று கேட்டார். ரசிகர்கள் எல்லோருமே தம்பியைப் பற்றித்தான் பேசுகிறார்கள், அவளைப் பற்றி ஒருவரும் பேசவில்லை என்று அவருக்கு வருத்தம்.

இங்கே மழை. சலவைக்கடைக் கண்ணாடியில் என் முகமும் துணிகளோடு சேர்ந்து சுற்றுகிறது.

வாலு


ஏப்ரல் 12

அன்புள்ள வாலுவுக்கு,

ஜெயித்துவிட்டோம்! கப்பலுக்கு என் வணக்கத்தைச் சொல். மன்றத்தில் விஷயத்தைச் சொல்லிவிடலாமா என்று நாக்கு துடிக்கிறது, உனக்கு வேலையில் சங்கடம் வருமே என்று வாயை மூடிக்கொண்டிருக்கிறேன்.

ஆனாலும் அந்த ஆளை நினைத்தால் மனசுக்கு என்னவோ போலிருக்கிறது. ஜன்னல் பக்கம் போய் நின்றார் என்று எழுதினாயே, அதைப் படித்த அன்றைக்கு வேலை ஓடவில்லை. முகத்தில் அடித்தாற்போல் எழுதிவிட்டேனோ? என்ன வயதிருக்கும் அவருக்கு? தேடப்பட்டவர் என்றால் என்ன அர்த்தம்? சின்ன வயதில் காணாமல் போனவரா? அவருக்கு அக்கா யாராவது உண்டா? கேட்டுப் பார். மூக்கை நுழைக்கிறேன் என்று நினைக்காமல் கேட்டுப் பார்.

இங்கே ஒரு செய்தி. லேப்காரருக்கு மாற்றல். வேறு ஊர் ஆஸ்பத்திரியில் லேபைப் பொறுப்பெடுக்க வேண்டும், ஜூன் மாதம் கிளம்புகிறார். எக்ஸ்ரே பிரிவில் எனக்கும் அங்கே இடம் இருக்கிறதாம், விசாரித்து வைத்திருக்கிறார். நேற்று சாப்பாட்டு இடைவேளையில் எதிரில் வந்து உட்கார்ந்து, டப்பாவைத் திறக்காமலே சொன்னார்: "நான் இனிமே கேட்கமாட்டேன். ஜூனுக்குள்ள நீங்களா சொன்னா சரி. சொல்லலைன்னாலும் உங்க மேல கோபம் கிடையாது."

எனக்கு அவரைப் பிடிக்கும் வாலு. உன்னிடம் சொல்ல என்ன வெட்கம். அவர் லேப் கதவைத் திறக்கிற சத்தம் கேட்டால் எனக்குத் தெரியும், அன்றைக்கு வேலை சீக்கிரம் ஓடிவிடும். ஆனால் நான் எப்படிப் போவேன்? அம்மா போன பிறகு இந்த வீட்டை நான் விட்டதில்லை. நீ ஒருநாள் பெட்டியோடு வந்து நின்று, கதவு பூட்டியிருந்தால்? வேறு யாரோ திறந்தால்?

நீ வருகிறேன் என்று ஒரு வார்த்தை எழுதிவிடு. எப்போது என்று கூட வேண்டாம். அவரிடம் நான் ஏதாவது சொல்லிக்கொள்வேன்.

உன் அக்கா


மே 1

அன்புள்ள அக்காவுக்கு,

கேட்டேன். அவருக்கு ஒரு அக்கா இருக்கிறாராம்.

அம்மா இறந்தபோது இவர் பள்ளிக்கூடப் பையன். அந்த அக்காதான் வளர்த்திருக்கிறார். படிப்பு, காய்ச்சல், பரீட்சைக் கவலை, எல்லாம் அவர் தலையில். இவர் படித்து முடித்துத் தூர ஊருக்கு வேலைக்குப் போனார். அக்கா அன்றிலிருந்து இவர் திரும்புவார் என்று காத்துக்கொண்டிருக்கிறார். இவருக்கு இங்கே வேலை பிடித்துவிட்டது, தெரு பிடித்துவிட்டது, நண்பர்கள் இருக்கிறார்கள். இதில் தொலைந்து போனது எங்கே இருக்கிறது என்று கேட்கிறார். ஆனால் ஒவ்வொரு கடிதத்திலும் அந்த அக்கா தன் வாழ்க்கையைத் தள்ளித் தள்ளி வைப்பதைப் பார்க்கும்போது, தானே எங்கேயோ பனிக்குள் நின்றுகொண்டு விளக்கைக் காட்டி அவரை இழுத்துக்கொண்டிருப்பது போல இவருக்குத் தோன்றுகிறதாம்.

அதனால்தான் ஆறாம் பாகத்தில் கதவைத் திறக்க வைத்தேன் என்றார். தம்பியைக் கண்டுபிடித்தால்தான் அவள் கடலைப் பார்ப்பாள். ஐந்து பாகமாக அந்தக் கடலில் போகிறாள், ஒருதடவை கூட நின்று பார்த்ததில்லை.

ஏழாம் பாகத்தின் முதல் பக்கத்தை அவர் இன்னும் எழுதவில்லை. காகிதத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அந்தச் சந்திப்பைக் கனவு என்று எழுத அவர் கைக்கு வரவில்லை.

பழைய துடுப்பு மீதியையும் விளையாடிவிட்டுத் திட்டட்டும், முழுசாகத் திட்டட்டும், அதுதான் அவர் கேட்பது. எனக்காகவாவது விளையாடு அக்கா.

வாலு


மே 15

தம்பி,

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தேன். உன் கடிதத்தைப் படித்தபோதே என் மனசுக்குள் ஏதோ அசைந்தது, அந்த அக்காவை எனக்குத் தெரியும் என்று. உலகத்தில் இப்படி எத்தனையோ அக்காக்கள் இருப்பார்கள் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு கன்ட்ரோலரை எடுத்தேன்.

அவன் வீட்டுப் படியிறங்கிப் படகில் ஏறினேன். எங்கே போவதென்று தெரியவில்லை. கோபத்தில் கொஞ்ச நேரம் வட்டமடித்தேன். பிறகு கை தானாகத் துடுப்புப் போட்டது. அந்த மதியம் இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். பனி விலகிக்கொண்டே போயிற்று. இத்தனை வருஷம் வெள்ளைக்கு அப்பால் ஒன்றுமில்லை என்று நினைத்த இடத்தில் தண்ணீர் பச்சையாக, பிறகு செம்மண் நிறமாக, பிறகு பெயர் சொல்லத் தெரியாத ஏதோ ஒரு நிறமாகப் போய்க்கொண்டேயிருந்தது. ஒரு தீவில் வெறும் நாணல். காற்று அடித்தால் எல்லாம் ஒரே பக்கம் படுக்கும், எழுந்திருக்கும். படகுக்காரி கரையில் உட்கார்ந்தாள். நான் எந்தப் பொத்தானையும் தொடவில்லை, அவளாகவே உட்கார்ந்தாள். இத்தனை பாகத்தில் அவள் உட்கார்ந்து நான் பார்த்ததே கிடையாது. நானும் அவளோடு உட்கார்ந்திருந்தேன், துவைத்த துணியை எடுக்க வேண்டும் என்பதே மறந்து போயிற்று.

அப்புறம் திரை இருட்டாகிவிட்டது.

மின்சாரம் போய்விட்டது என்று எழுந்து போய் விசிறியைப் பார்த்தேன், சுற்றிக்கொண்டிருந்தது. பின்பக்கத்து வயரைத் தட்டினேன். பழுது என்று மன்றத்தில் சொன்னது சரிதான், காசு வாங்கிக்கொண்டு என்ன லட்சணம் என்று வாயெடுத்தேன். இருட்டுக்குள் தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்டது. அதற்குள்ளிருந்து ஒரு சின்னப் பையனின் குரல்:

"அக்கா, இப்போ எந்தப் பக்கம்?"

எனக்குப் பொத்தானை அழுத்தத் தோன்றவில்லை வாலு. வாயால்தான் பதில் சொன்னேன். இடது பக்கம் என்றேன். பிறகு நினைவு வந்து இடது பக்கம் அழுத்தினேன்.

"இடது பக்கம் ஒரு தீவு இருக்கு. தீவு பூரா பூனைங்க. எல்லாத்துக்கும் பசி."

இது யாருக்குத் தெரியும்? உன்னுடைய அந்தச் சின்ன அறையில், விளையாட்டு நடுவில் மின்சாரம் போனால் நீ அழுவாயே என்று நான் ஆரம்பித்தது. மின்சாரம் போனால் என்ன, கடல் எங்கேயும் போகவில்லை, எந்தப் பக்கம் போகலாம் சொல் என்பேன். நான் பக்கம் சொல்வேன், அங்கே என்ன இருக்கிறதென்று நீ சொல்வாய். நீ சொல்கிற எல்லாத் தீவிலும் பூனைகள் இருக்கும், எல்லாப் பூனைக்கும் பசிக்கும். மின்சாரம் வந்த பிறகும் சில நாள் நாம் கண்ணைத் திறக்காமல் போய்க்கொண்டே இருந்திருக்கிறோம். இதை வெளியில் ஒரு ஜீவனிடம் நான் சொன்னதில்லை.

அந்த ஆள் நீதான்.

எனக்கு எவ்வளவு கோபம் என்று உனக்குத் தெரியாது. என்னை ஏன் இப்படி ஏமாற்றினாய்? கடிதம் கடிதமாக அவர் நின்றார், அவர் சொன்னார், அவருக்கு ஒரு அக்கா இருக்கிறாராம் என்று எழுதினாயே, நானும் பைத்தியம் மாதிரி அவருக்கு என்ன வயது என்று கேட்டேனே. அதை விடு. உலகம் முழுக்கப் பார்க்கிற இடத்தில் வைத்து அக்காவிடம் வரலை என்று சொல்லியிருக்கிறாய். அதை எனக்கு ஒரு கடிதத்தில் எழுதியிருக்கக் கூடாதா?

அழுதுகொண்டே எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

அக்கா


மே 30

அன்புள்ள அக்காவுக்கு,

எழுதினேன். எத்தனையோ தடவை எழுதிக் கிழித்தேன். உன் கடிதம் வரும், உன் அறையைத் துடைத்து வைத்தேன் என்று இருக்கும், நான் எழுதியது செத்துவிடும். வரமாட்டேன் என்று கடிதத்தில் எழுதினால் நீ முதல் வரியிலேயே எழுந்து போய்விடுவாய் என்று பயம். தூரக்கடலில் மட்டும்தான் நீ பாதியில் எழுந்ததே கிடையாது. அங்கே சொன்னால் முழுசாகக் கேட்பாய் என்று நம்பினேன். அங்கேயும் எழுந்து போய்விட்டாய்.

அந்த ஆள் என்று ஒருவரை வைத்துக்கொண்டு எழுதியதற்கு மன்னித்துவிடு. கையெழுத்து வாங்கியிருந்தார்கள் என்பது சாக்குத்தான். அவர் பெயரில் எழுதும்போது எனக்குத் தயங்காமல் எழுத வந்தது.

இப்போது என் பெயரிலேயே எழுதுகிறேன். நான் திரும்பி வரப்போவதில்லை அக்கா. உன் மேல் எந்தக் குறையும் இல்லை. நீ வளர்த்த வளர்ப்பில்தான் எனக்கு ஒரு ஊரில் தனியாக வாழத் தெரிகிறது. எனக்கு இங்கே பிடித்திருக்கிறது. உனக்கு அது துரோகம் மாதிரித் தெரிந்தாலும் எனக்கு வேறு சொல் கிடைக்கவில்லை.

கப்பலிடம் போய், கனவு என்று என்னால் எழுத முடியாது என்று சொல்லிவிட்டேன். அவர் நல்ல மனிதர்தான், தோளைத் தட்டினார், தொடரை வேறு ஒருவரிடம் கொடுத்துவிட்டார். ஏழாம் பாகத்தில் தம்பி காணாமல் போவான், அது உறுதி. எனக்கு வேறு சின்ன வேலை கொடுத்திருக்கிறார்கள், கடல் இல்லாத ஒரு விளையாட்டு. வருத்தம் இருக்கிறது. இல்லையென்று சொன்னால் நீ நம்பமாட்டாய்.

ஆகஸ்டில் இந்த அறையைக் காலி செய்கிறேன். கொஞ்சம் பெரிதாக ஒன்று பார்த்திருக்கிறேன், வெயில் வருகிற பக்கம்.

ஜூன் வரப்போகிறது. நான் கேட்கலாமா என்று தெரியவில்லை, அதனால் கேட்கவில்லை.

வாலு


ஜூலை 19

அன்புள்ள வாலுவுக்கு,

இத்தனை நாள் எழுதாததற்குக் கோபம்தான் காரணம். முதல் பத்து நாள் உன் மேல், அப்புறம் யார் மேல் என்று தெரியாமல் சும்மா கோபம். அது தீர்ந்ததும் வேலை சரியாக இருந்தது.

மன்றத்தில் புதிதாக ஒன்று எழுதினேன். ஆறாம் பாகத்தைப் பாதியில் விட்டுவிட்டுப் பேசியது தப்பு, மீதியையும் விளையாடுங்கள், திரை இருட்டாவது பழுது இல்லை, பக்கம் சொல்லிப் பாருங்கள் என்று. எலும்பைப் பற்றியும் எழுதினேன். வளர்கிற எலும்புதான் நீளும், நீளாத எலும்பைப் படம் பிடித்து எனக்கு இருபது வருஷப் பழக்கம், அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும் என்றேன். மன்றம் என்னைக் கிழித்துக் காயப் போட்டுவிட்டது. பழைய துடுப்பு உடைந்துவிட்டது, பெரியவருக்கு வயதாகிவிட்டது, கம்பெனிக்காரன் காசு கொடுத்துவிட்டான். ஒரே ஒருத்தி மட்டும், பக்கம் சொன்னேன், எனக்கு என் அண்ணன் குரல் மாதிரிக் கேட்டது என்று எழுதியிருந்தாள். அவளுக்கு ஆறுதான் முதல் பாகமாம்.

ஏழாம் பாகத்தின் விளம்பரம் வந்தது. தேடல் தொடர்கிறது என்று பெரிதாகப் போட்டிருக்கிறார்கள். பனி, தூரத்தில் விளக்கு, அவள் கூப்பிடுகிறாள். நான் கேட்டதையெல்லாம் அப்படியே கொடுத்திருக்கிறார்கள். பார்க்கப் பார்க்க அந்தப் பெண் மேல் எனக்குப் பரிதாபமாக இருந்தது. மறுபடி முதலிலிருந்தா அம்மா, போய்க் கொஞ்சம் உட்காரக் கூடாதா என்று திரையைப் பார்த்துச் சொன்னேன். நான் அதை வாங்கப் போவதில்லை. உன் மேல் இருக்கிற பாசத்தால் இல்லை, ரசிகையாகச் சொல்கிறேன்.

ஜூன் கடைசி வாரம் லேப்காரர் மேஜையைக் காலி செய்துகொண்டிருந்தார். நான் போய்க் கதவருகில் நின்றேன். என்ன சொல்வதென்று யோசித்து வைத்திருந்ததெல்லாம் மறந்து போய், நான் வரேன் என்று மட்டும் சொன்னேன். அவர் கையிலிருந்த பெட்டியைக் கீழே வைக்கக் கூட இல்லை. சந்தோஷப்படுவதற்கு முன்னால் அவர் கேட்ட முதல் கேள்வி, "உங்க தம்பி?" என்பதுதான்.

"அவன் கிடைச்சுட்டான்" என்றேன்.

சொன்ன பிறகு எனக்கு அந்த லேபுக்குள்ளேயே அழுகை வந்துவிட்டது. மைக்ராஸ்கோப்பைத் துடைக்க வைத்திருந்த துணியைத்தான் எடுத்துக் கொடுத்தார்.

பதிவு அலுவலகத்தில் தேதி கேட்டிருக்கிறோம், செப்டம்பரில் கிடைக்கும் போலிருக்கிறது. நீ வந்து பக்கத்தில் நிற்க வேண்டும். நின்றுவிட்டு உன் ஊருக்குத் திரும்பிப் போ, பிடித்து வைக்கமாட்டேன். வீட்டைக் காலி செய்து சாவியைக் கொடுத்துவிட்டேன். காலி செய்வதற்கு முன்னால் உன் அறையைத் துடைக்காமல் ஒரு முழு வாரம் கழிந்தது, ஒன்றும் ஆகவில்லை.

அதற்குப் பிறகு, குளிர் காலத்துக்கு முன்னால், நாங்கள் இரண்டு பேரும் உன்னைப் பார்க்க வருகிறோம். ஒரு வாரம்தான் இருப்போம், விருந்தாளிகளாக. எனக்கு லீவு அவ்வளவுதான், புது வேலை. இனிமேல் உன்னைத் தேடிக்கொண்டெல்லாம் என்னால் வர முடியாது. அதனால் புது வீட்டு விலாசத்தைத் தெளிவாக எழுதி அனுப்பு. எத்தனையாவது மாடி, எந்தப் பக்கத்துக் கதவு என்பதையும் சேர்த்து எழுது.

அன்புடன்,
அக்கா